கழிவு யாருக்குப் பயன்படும்?

அரிசி ஆலையில் உமி மிஞ்சுகின்றது. நெல் அவிப்பதற்கு அந்த உமியையே எரித்தால் விறகுச் செலவு குறையும். அருகில் செங்கல் சூளை இருந்தால் அவர்களும் கேட்டு வருவார்கள். இரண்டும் இல்லாவிடில் உமி வீதியோரத்தில் குவியும். பொருள் ஒன்றுதான், சூழ்நிலையே அதைச் செல்வமாகவோ குப்பையாகவோ ஆக்குகின்றது.

ஒரு தொழிலின் கழிவை மற்றொரு தொழிலின் மூலப்பொருளாக்குவது சுழற்சிப் பொருளாதாரத்தின் ஒரு முக்கிய வழியாகும். நல்ல வழியென்றால் எல்லாக் கம்பனிகளும் இதை ஏன் கைக்கொள்வதில்லை? டென்மார்க்கிலுள்ள கலுண்ட்போர்க் என்ற சிறிய துறைமுக நகரம் இதற்கு விடை தருகின்றது.

அங்கு நடந்தது

அங்கே நிலத்தடி நீர் போதாது. எனவே 1961இல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குத் திஸ்ஸோ ஏரியிலிருந்து குழாய் மூலம் நீர் கொண்டுவரப்பட்டது. 1972இல், அந்த ஆலை வீணாக எரித்துவந்த வாயுவை, சுவர்ப்பலகை செய்யும் தொழிற்சாலை பலகைகளை உலர்த்த வாங்கியது. 1976இல் நோவோ மருந்துக் கம்பனியின் கழிவுச் சேறு விவசாயிகளின் வயல்களுக்குப் பசளையாகச் சென்றது. 1980களில் மின்நிலையத்தின் நீராவி அயல் ஆலைகளுக்குப் போயிற்று. 1993இல் மின்நிலையப் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும்போது கிடைத்த ஜிப்சம், சுவர்ப்பலகைக்கு மூலப்பொருளாயிற்று.

யாரும் முழுத்திட்டம் போட்டு இதைத் தொடங்கவில்லை. ஒவ்வொன்றும் இருவர் பேசிச் செய்த உடன்பாடு.

உதவியவை

1. தூரம் குறைவு. நீராவியைத் தொலைதூரம் அனுப்பினால் சூடு வீணாகும்.
2. தொழில்கள் வேறுவேறானவை. ஒருவர் கழிப்பது மற்றவருக்குத் தேவைப்பட்டது.
3. முகாமையாளர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர், நம்பிக்கை இருந்தது.
4. இரு பகுதியாருக்கும் இலாபம் இருந்தது.
5. கழிவைக் கடலில் கொட்டுவதையும் கந்தகப் புகையையும் சட்டம் கட்டுப்படுத்தியது.

தடையானவை

1. கொட்டுவது மலிவாயிருந்தால் எந்தக் கம்பனியும் மாற்று வழி தேடாது.
2. கலந்த கழிவை எவரும் வாங்கார். தரம் ஒரே சீராக இருக்கவேண்டும்.
3. ஒருவர் நிறுத்தினால் மற்றவர் தவிப்பார். இதனால் சுவர்ப்பலகை ஆலை மாற்று எரிவாயுவையும் தயாராக வைத்திருந்தது. நிலக்கரி எரிப்பது நின்றால் அதிலிருந்து வரும் ஜிப்சமும் நின்றுவிடும்.
4. குழாய் போட முதலில் பெரும் பணம் வேண்டும். பலன் பல ஆண்டுகளின் பின்பே கிடைக்கும்.

எமக்குரிய பாடம்

இடம்பெயர்ந்த நாம் புதிய இடத்தில் கூட்டாக ஒரு சிறு ஆலை தொடங்கும்போது, கழிவை எவர் எடுப்பார் என்பதைக் கட்டடம் போடுமுன்பே கேட்டறிவோம். அயலவரோடு பழகாமல் இது கைகூடாது.

மறுபக்கமும் உண்டு. ஓர் ஆலை "இலவசப் பசளை" என்று தன் கழிவை எமது காணியில் கொட்ட வரலாம். கலுண்ட்போர்க்கில் கிருமிகளை அழிப்பதற்காகச் சேற்றைச் சூடாக்கிய பின்னரே வயலுக்குக் கொடுத்தார்கள். இலவசம் என்பதற்காக ஏற்றுக்கொள்ளலாகாது. நிலம் கெட்டால் ஆலை வேறிடம் போகும்; நாம் எங்கே போவது?

கூடிக் கலந்துரையாட

1. எமது பகுதியில் வீணாகும் பொருள்கள் எவை? அவை யாருக்குத் தேவைப்படும்?
2. கழிவு தர வருபவரிடம், அதில் என்ன கலந்திருக்கிறது, யார் பரிசோதித்தார், பாதிப்பு ஏற்பட்டால் யார் பொறுப்பு என்று கேட்டோமா?
3. அந்த உடன்பாட்டை எழுத்தில் பெற்றோமா?