ஒரு சுருக்கக் கருவியும் அதன் பழுதாராய்ச்சியும்

கணிப்பொறியிற் சேமிக்கப்பெறும் கோப்புகளை அளவிற் சுருக்கி, வேண்டும்பொழுது முன்போல் விரித்துத் தரும் கருவிகள் பல உள. அவற்றுள் எக்ஸ்இஸட் என்பது ஒன்று. பின்லாந்து நாட்டினராகிய லாஸ்ஸெ காலின் என்பார் இதனைப் பல்லாண்டுகளாகப் பேணி வருகின்றார். இதன் மூலநிரல் யாவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. லினக்ஸ் தொகுப்புகள் பலவற்றில் இக்கருவியும், இதன் உறுப்பாகிய லிப்எல்இஸட்எம்ஏ என்னும் நூலகமும் இடம்பெற்றுள்ளன. பல நிரல்கள் பொதுவாய்ப் பயன்கொள்ளும் நிரற்றொகுதியை நூலகம் என்பர். இத்தகைய கருவி பழுதுற்றவிடத்துக் காரணத்தை நாடும் முறை யாது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் இது தொழிற்படும் வகையை அறிதல் வேண்டும். கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு சரணத்தின் இறுதியிலும் பல்லவியை முழுதும் அச்சிடாது, அதன் முதற்சொல்லை மட்டும் இட்டு நிறுத்துதலை நாம் கண்டிருக்கிறோம். அதுபோலவே இக்கருவியும், முன் வந்த தொடர் மீண்டும் வருமிடத்து, எவ்வளவு தூரம் பின்சென்று எவ்வளவு நீளம் எடுத்துக்கொள்ளவேண்டும் என்னும் குறிப்பை மட்டும் எழுதும். பின்னோக்கும் எல்லைக்கு அகராதி என்று பெயர். இயல்பாகிய 6-ஆம் படியில் அகராதி 8 மெபிபைட்டு. 9-ஆம் படியில் 64 மெபிபைட்டு. 9-ஆம் படியிற் சுருக்க 674 மெபிபைட்டு நினைவகம் வேண்டும். விரிக்க 65 போதும். விரித்தது மூலத்தோடு ஒத்துளதா என ஒப்புநோக்கற்கு ஒரு சரிபார்ப்பெண்ணும் கோப்பில் இடப்படும்.

இவ்வளவும் அறிந்தார்க்கு இயக்கத்தில் நேரும் பழுதுகள் பல எளிதில் விளங்கும். நினைவக வரம்பு எட்டப்பட்டது என்று கருவி உரைக்குமாயின், கோப்பிற் குற்றமில்லை. அதன் அகராதிக்கு இடம் போதவில்லை என்பதே பொருள். உள்ளீடு எதிர்பாராது முடிந்தது என்னுமாயின், கோப்பு இடையில் அறுந்தது. அனுப்பினோரிடத்துள்ள அளவோடு ஒப்பிட்டு மீண்டும் பெறுதல் வேண்டும். தரவு கெட்டுளது என்னுமாயின், நீளம் நிறைந்திருந்தும் உள்ளீடு மாறியிருக்கக்கூடும். வழியிலோ, வட்டிலோ, நினைவகத்திலோ மாறியது என்பதனை ஒவ்வொன்றாய்ச் சோதித்தல் வேண்டும்.

இனி ஆக்கத்தில் நேரும் பழுதுகள். மூலநிரலை இயந்திரமொழியாக்குவோர், முதலில் கணிப்பொறியின் சூழலை ஆராயும் ஓர் ஆணைத்தொடரை இயக்குவர். பின்னர் நிரலை மொழிபெயர்த்து, உறுப்புக்களை ஒன்றாய் இணைப்பர். ஆக்கம் இனிது முடிந்தும் கருவி இயங்க மறுப்பதுண்டு. புதிய கருவி நிறுவப்பட்டும், அதற்குரிய புதிய நூலகத்தின் இருப்பிடத்தைக் கணிப்பொறி அறியாதிருத்தலே இதற்குப் பெரும்பான்மைக் காரணம். எல்டிகான்பிக் என்னும் ஆணையால் நூலகப் பட்டியலைப் புதுப்பித்த அளவில் இது தீரும். ஆக்கம் முடிந்தபின் சோதனை செய்தற்கென்று சில கோப்புகள் மூலநிரலோடு வருகின்றன. அவற்றுட் சில வேண்டுமென்றே கெடுக்கப்பட்டவை. கெட்ட கோப்பைக் கருவி கெட்டதென்று தள்ளுகின்றதா எனக் காண்பதே அவற்றின் பயன். இதனை நினைவிற் கொள்க.

மேற்கூறிய பழுதுகள் யாவும் தம்மைத் தாமே வாய்திறந்து உரைப்பன. வாய்திறவாப் பழுது ஒன்று 2024-ஆம் ஆண்டில் இக்கருவியில் வெளிப்பட்டது.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை ஆக்குவோருள் ஒருவராகிய ஆந்த்ரெஸ் பிராயிண்ட் என்பார், டெபியன் தொகுப்பின் முன்னோட்டப் பதிப்பு இயங்கிய கணிப்பொறியில் நுண்ணிய கால அளவைகள் எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் அடங்கியிருக்கவேண்டிய அவ்வேளையில், தொலைவிலிருந்து உட்புகுவாரை வாயிற்காவலன்போல் ஆராயும் எஸ்எஸ்எச் பணிநிரல் மிக்க உழைப்பைச் செலவிடுதல் கண்டார். தவறான பெயரோடு வந்தாரைத் திருப்பி அனுப்புதற்கே அத்துணை உழைப்பு! முன்னர் 0.299 வினாடியில் முடிந்த செயல் இப்பொழுது 0.807 வினாடி கொண்டது.

அரை வினாடிதானே என்று அவர் விட்டாரல்லர். உழைப்பு எங்கே கழிகின்றது என்று அளந்தார். லிப்எல்இஸட்எம்ஏ நூலகத்தில் என்று விடை வந்தது. வாயிற்காவலுக்குச் சுருக்க நூலகம் எதற்கு? சில தொகுப்பாளர் எஸ்எஸ்எச்சைச் சிஸ்டம்டி என்னும் வேறொரு நிரலோடு பிணைத்திருந்தமையால், அதன் வழியே இந்நூலகமும் உட்புகுந்திருந்தது. மேலும், கழிந்த உழைப்பு நூலகத்தில் எந்தப் பெயருடைய பகுதிக்கு உரியது என்று அளவைக் கருவியாற் சொல்லக்கூடவில்லை. அப்பொழுது, தொகுப்புகளைப் புதுப்பித்த பின்னர், சில கிழமைகளுக்கு முன் வால்கிரிண்ட் என்னும் நினைவகச் சோதனைக் கருவி காட்டிய விளங்காத முறையீடு ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. தனித்தனியே சிறியனவாகிய இரு குறிகளும் சேர்ந்து ஐயத்தை வலியுறுத்தின.

டெபியன் தொகுப்பிலேதான் குற்றம் என்று அவர் முதலிற் கருதினார். ஆராய்ந்தபொழுது மூலத்திலேயே குற்றம் இருந்தது. யாவரும் காணும் களஞ்சியத்தில் இல்லாத சில வரிகள், வெளியீட்டுக் கட்டில் மட்டும், ஆக்கத்தின் முதற்படியில் இயங்கும் கோப்பொன்றில் சேர்க்கப்பட்டிருந்தன. அவ்வரிகள், கெட்ட கோப்பு என்று பெயரிட்டு வைத்திருந்த சோதனைக் கோப்பிலிருந்து மறைந்த ஆணைகளை எடுத்தன. அவ்வாணைகள் மற்றொரு சோதனைக் கோப்பிலிருந்து இயந்திர நிரலொன்றை எடுத்து நூலகத்தோடு இணைத்தன. 64 பிட்டு லினக்ஸில் டெபியன் அல்லது ஆர்பிஎம் தொகுப்பாக ஆக்கும்பொழுதே இது நிகழும். தாமே மூலத்திலிருந்து ஆக்குவார்க்கு நிகழாது. எஸ்எஸ்எச் பணிநிரல் தன் வழக்கமான இடத்திலிருந்து தானே இயங்குங்கால் தொழிற்படும். ஒருவர் திரைமுன் இருந்து இயக்கின் ஒளிந்துகொள்ளும். மறைசாவி வைத்திருப்பவர் கடவுச்சொல்லின்றியே கணிப்பொறியில் தம் ஆணையை இயக்கலாம் என்பதே இதன் நோக்கம்.

தமிழ் பயில்வார்க்கு இது புதிய செய்தியன்று. மூல ஏட்டில் இல்லாத பாட்டு அச்சுநூலிற் காணப்படின் அதனை இடைச்செருகல் என்கிறோம். ஏட்டையும் அச்சையும் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்காமல் அதனைக் காணல் அரிது. களஞ்சியத்தை மட்டும் படித்தாரும், வெளியீட்டை மட்டும் இயக்கினாரும் இச்செருகலைக் கண்டிலர்.

இதனைச் செய்தவர் ஜியா டான் என்னும் பெயர் பூண்டு, ஈராண்டுக்கு மேலாக நல்ல திருத்தங்களை உதவி, பேணுவோருள் ஒருவராய் உயர்ந்தவர். காலின் ஊதியமின்றித் தம் ஓய்வுப்பொழுதில் இப்பணியைச் செய்து வந்தார். 2022-ஆம் ஆண்டில், பணி விரைவாய் நடக்கவில்லை என்று சிலர் அவரை நெருக்கினர். அந்நெருக்கடியிலேதான் உதவியாளருக்கு இடமுண்டாயிற்று. ஆதலின் இவ்வாராய்ச்சியில் நிரலின் பழுதோடு மனிதரின் தனிமையும் எண்ணத்தக்கது. உலகெங்கும் பயன்படும் கருவியைத் தனியொருவர் தாங்க, மற்றையோர் குறைகூற மட்டும் வருவாராயின், அவ்விடம் வஞ்சகர்க்கு எளிதாகும்.

பிப்ரவரி 24-ஆம் நாள் வெளியான 5.6.0 பதிப்பிலும், மார்ச்சு 9-ஆம் நாள் வெளியான 5.6.1 பதிப்பிலும் இச்செருகல் இருந்தது. வால்கிரிண்டின் முறையீட்டை மறைக்கும் முயற்சி இரண்டாவதில் நிகழ்ந்தது. மார்ச்சு 29-ஆம் நாள் பிராயிண்ட் தாம் கண்டதை வெளியிட்டார். நிலைத்த பதிப்புகள் பலவற்றிற்குப் பரவுமுன்னரே தொகுப்பாளர் பழைய பதிப்புக்குத் திரும்பினர். மே 29-ஆம் நாள் காலின் தூய்மை செய்த 5.6.2 பதிப்பை அளித்தார்.

ஆகவே, பழுதாராய்வார் கொள்ளத்தக்க முறை இது: கருவி கூறும் செய்தியை முழுதும் படிக்க, எச்சரிக்கையை அடக்குமுன் அதன் காரணத்தை அறிக, முன்னிருந்த நிலையையும் இப்போதைய நிலையையும் எண்களால் அளந்து ஒப்பிடுக, வெளியீட்டை மூலத்தோடு ஒப்புநோக்குக. குறை கண்டவிடத்து, அக்கருவியைப் பேணுவாரிடம் குறையோடு நில்லாது, ஆக்கிய வகை, பதிப்பெண், அளவை ஆகியவற்றையும் சேர்த்துத் தெரிவித்தல் நம்மனோர் செய்யத்தக்க உதவியாகும்.