சர்க்கரை, புகை, மருந்துக்கு அடங்காத காசநோய்: நெஞ்சகநோய்ப் பிரிவில் சேரும் இளம் மருத்துவருக்கு

காசநோய்க் கிருமி மரபணுத் திரிபால் மருந்துக்கு அடங்காமல் போகிறது. ஐசோநியாசிடுக்கு அடங்காத கிருமி ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்றாகவும், ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது 10 கோடியில் ஒன்றாகவும் தானாகவே தோன்றிக்கொண்டிருக்கிறது. நுரையீரலில் விழுந்த ஒரு குழிக்குள் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். எனவே முதல் மாத்திரை வாய்க்குள் போவதற்கு முன்பே, ஏதாவது ஒரு மருந்துக்கு அடங்காத சில கிருமிகள் அங்கே உண்டு. நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதே இதற்காகத்தான்: ஒன்றுக்குத் தப்பியதை இன்னொன்று கொல்லும். அந்தக் கூட்டில் ஒன்றிரண்டு வலுவிழந்தால் தப்பியது பெருகத் தொடங்கும்.

நீரிழிவுக்கும் காற்று மாசுக்கும் இதில் என்ன பங்கு என்று தேடும் இளம் மருத்துவர் இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது. இரத்தச் சர்க்கரையோ புகையோ நோயாளியின் உடலுக்குள் கிருமியின் மரபணுவை நேரடியாக மாற்றுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கிருமிகளின் எண்ணிக்கை, அவை உயிரோடு நீடிக்கும் காலம், அவற்றை எட்டும் மருந்தின் அளவு ஆகியவற்றை இவை மாற்றக்கூடும். எதிர்ப்புத் திறன் கொண்ட கிருமி மேலெழ அதுவே போதும்.

நீரிழிவின் பங்கு தெளிவானது. கட்டுப்படாத சர்க்கரை உள்ளவரின் நுரையீரல் சிற்றறைகளில் காவலிருக்கும் விழுங்கணுக்கள் கிருமியை அடையாளம் கண்டு மற்ற அணுக்களை அழைப்பதில் தாமதிக்கின்றன. தாமதமான எதிர்வினை பின்னர் அளவுக்கு மீறி எழுந்து திசுவையே அரிக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்கு என்று 2008இல் வெளியான தொகுப்பாய்வு கணக்கிட்டது. தமிழ்நாட்டில் சிகிச்சைக்கு வந்த காசநோயாளிகளிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில் நான்கில் ஒருவருக்கு நீரிழிவும், ஏறக்குறைய இன்னொரு கால் பங்கினருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருந்தன. கேரளத்தில் அதே காலத்து ஆய்வொன்றில் நீரிழிவின் பங்கு 44 விழுக்காடு. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. காசநோய்ப் பிரிவில் சர்க்கரைப் பரிசோதனை என்பது கூடுதல் வேலை அல்ல என்பதற்கு இந்த எண்களே போதும்.

சிகிச்சை தொடங்கிய பிறகே உண்மையான சிக்கல் வருகிறது. நீரிழிவு உள்ளவரின் சளியில் கிருமி அடங்க நாளாகிறது. நோய் திரும்புவதும் இறப்பும் அதிகம். மருந்தின் அளவும் கவனிக்கத்தக்கது. எடை வரம்பை வைத்து மாத்திரை எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்போது, பருத்த உடல் கொண்ட நீரிழிவு நோயாளிக்குக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் குறைவாகவே போய்ச் சேரும். இரைப்பை மெதுவாகக் காலியாகும் நீரிழிவுப் பாதிப்பு இருந்தால் மருந்து உறிஞ்சப்படுவதும் மாறும். இந்தோனேசியாவில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களின் இரத்தத்தில் ரிஃபாம்பிசின் மற்றவர்களுக்கு இருந்ததில் பாதி அளவே இருந்தது. ஆனால் அதே நாட்டில் சிகிச்சையின் தொடக்கக் கட்டத்தில் அளந்த பிந்தைய ஆய்வு இந்த வேறுபாட்டைக் காணவில்லை. முதல் ஆய்வை மட்டும் மேற்கோள் காட்டும் கட்டுரைகளே அதிகம். இளம் மருத்துவர் இரண்டையும் படிக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு மோதல் நடக்கிறது. ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டி, கிளிபென்கிளமைட், கிளிமிபிரைட் போன்ற சர்க்கரை மாத்திரைகளை வேகமாகச் சிதைத்துவிடுகிறது. நோயாளி மாத்திரையைத் தவறாமல் போட்டும் சர்க்கரை ஏறும். பழி அவருடைய சாப்பாட்டின் மேல் விழும். மாத்திரையின் அளவைக் கூட்டிச் சமாளித்தால் ஆபத்து கடைசியில் காத்திருக்கிறது: ரிஃபாம்பிசின் நின்ற சில வாரங்களில் கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்ப, கூட்டிய அளவு திடீரென அதிகமாகி, சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மெட்ஃபார்மினும் இன்சுலினும் இந்தக் குழப்பத்துக்கு அதிகம் ஆட்படுவதில்லை. நோய் கடுமையாக இருக்கும்போது இன்சுலினில் தொடங்குவது பாதுகாப்பானது. மெட்ஃபார்மின் காசநோய்க் கிருமியையும் வேகமாக அடக்கும் என்ற நம்பிக்கை சில காலம் இருந்தது. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் நடந்த மருத்துவச் சோதனையில் அது நிறைவேறவில்லை.

நீரிழிவு உள்ள காசநோயாளிகளிடம் பன்மருந்து எதிர்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு வாய்ப்போடு காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இந்த எண்ணை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். இன்று மருந்து எதிர்ப்புக் காசநோயில் பெரும் பங்கு, ஏற்கெனவே எதிர்ப்புப் பெற்ற கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் காற்றில் தொற்றுவதால் வருவது. நீரிழிவு உள்ளவர் அடிக்கடி மருத்துவமனைக் கூடத்தில் காத்திருப்பவர். அங்கே அருகில் இருமுகிறவர் யாரென்று அவருக்குத் தெரியாது. முன்பு ஒருமுறை காசநோய்ச் சிகிச்சை எடுத்திருப்பாரானால் அதுவும் கணக்கைக் கலைக்கும். தொடர்பு உண்மை; அதில் எவ்வளவு உடலுக்குள் விளைந்தது, எவ்வளவு வெளியிலிருந்து வந்தது என்பதை ஒரே சதவீதத்தில் அடக்க முடியாது.

காற்று மாசின் சான்று இதைவிட மெல்லியது. 2.5 மைக்ரான் அளவும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகள்கள் சிற்றறை வரை போகின்றன. அங்குள்ள விழுங்கணுக்கள் கரித்துகளை விழுங்கி நிறைந்து, கிருமியை விழுங்கும் வேலையில் பின்தங்குகின்றன. சுவாசக்குழாயின் மெல்லிய மயிரிழைகளும் சோர்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்தில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு, விறகு, வறட்டி போன்ற எரிபொருளில் சமைக்கும் வீடுகளில் நுரையீரல் காசநோய் கூடுதல் என்று காட்டியது. மருந்து எதிர்ப்போடு நேரடித் தொடர்பைத் தேடிய ஆய்வுகள் சிலவே. சீனத்தின் ஷான்டாங் மாகாணத்தில் நடந்த ஒன்று, நுண்துகள் அதிகமுள்ள காற்றைச் சுவாசித்தவர்களிடம் மருந்துக்கு அடங்காத கிருமி அதிகம் என்று கண்டது. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் கரித்துகள் வேறு சில பாக்டீரியாக்களின் மருந்து தாங்கும் தன்மையையே மாற்றுவதை ஆய்வகத்தில் காட்டினர். அது நிமோனியாக் கிருமியிலும் ஸ்டஃபிலோகாக்கஸிலும் கண்டது. காசநோய்க் கிருமிக்கு அப்படியே பொருத்துவது அவசரம்.

புகைக்கு இன்னொரு பாதையும் உண்டு, அது நீரிழிவு வழியாகப் போகிறது. தில்லியிலும் சென்னையிலும் 12 ஆயிரம் பேருக்கு மேல் பல ஆண்டுகள் கண்காணித்து 2023இல் வெளியான ஆய்வில், ஆண்டுச் சராசரி நுண்துகள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது நீரிழிவு வரும் வாய்ப்பு 22 விழுக்காடு கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டு வரம்பு 5 மைக்ரோகிராம். இந்தியாவின் தர வரம்பு 40. விதியை மீறாத நகரத்திலும் காற்று தூய்மையாக இருப்பதாக எண்ண வேண்டியதில்லை.

எதிர்ப்பு உறுதியான பிறகு நீரிழிவு மருந்துத் தேர்விலேயே தலையிடுகிறது. இந்தியா 2024இல் ஏற்ற ஆறு மாத முறையில் பெடாகுவிலின், பிரெட்டோமானிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கு மருந்துகள். லினசோலிட் நரம்பைத் தாக்கும், பார்வை நரம்பையும் விடாது. சர்க்கரையால் ஏற்கெனவே மரத்த பாதமும் விழித்திரைப் பாதிப்பும் உள்ளவரிடம் புதிய சேதத்தைப் பழையதிலிருந்து பிரித்தறிவது கடினம். ஆகவே முதல் மாத்திரைக்கு முன்பே பார்வைத் திறன், நிறப் பார்வை, பாத உணர்வு ஆகியவற்றைச் சோதித்து எழுதிவைக்க வேண்டும். லினசோலிடும் மெட்ஃபார்மினும் தனித்தனியே இரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைக் கூட்டக்கூடியவை. சிறுநீரகம் தளர்ந்தவரிடம் இரண்டும் சேர்ந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். மாக்சிஃப்ளாக்சசின் சர்க்கரையை மேலும் கீழுமாக அசைக்கும். பெடாகுவிலினோடு சேர்ந்து இதயத்துடிப்பின் மின் இடைவெளியையும் நீட்டும் என்பதால் ஈசிஜி தவறக்கூடாது.

நடைமுறையில் சில பழக்கங்கள் கைகொடுக்கும். நீரிழிவு உள்ளவரின் எக்ஸ்ரேயில் நோய் மேல்பகுதியை விட்டுக் கீழ்ப்பகுதியில் தெரியலாம். நிமோனியா என்று முடிவுகட்டி ஆன்டிபயாட்டிக் எழுதுமுன் சளியை சிபிநாட் அல்லது ட்ரூநாட் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை என்ற முடிவு ஐசோநியாசிடைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்குத் தனிச் சோதனை உண்டு. காசநோயே சர்க்கரையைத் தற்காலிகமாக ஏற்றும் என்பதால் முதல் வாரத்து எண்ணை வைத்து ஒருவரை ஆயுட்கால நீரிழிவு நோயாளியாக்கிவிடாமல் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது முறை. இரத்தசோகை உள்ளவரிடம் எச்பிஏ1சி ஏமாற்றும். பீடி, விறகடுப்பு, கொசுவத்திச் சுருள், கல்குவாரி வேலை பற்றியெல்லாம் கேட்டுக் குறிப்பேட்டில் எழுத அதிக நேரம் ஆகாது. கல்குவாரியில் சிலிக்காத் தூசியைச் சுவாசித்தவருக்குக் காசநோய் ஆபத்து தனியாகவே அதிகம். சிகிச்சை முடிந்தபின் இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோயாளியை வரவழைத்துப் பார்ப்பது தேசியத் திட்டத்தின் விதி. அந்தப் பார்வையில் சளிச் சோதனையோடு சர்க்கரையையும் சேர்த்துக்கொள்வது நல்லது. அதற்குத் தேவை இன்னொரு துளி இரத்தம் மட்டுமே.