காவல் சரிபார்ப்பு: படிவத்தில் எதை எழுதுவது, எப்படி எழுதுவது?

தொட்டியம், காட்டுப்புத்தூர், முசிறிப் பக்கத்து இளைஞர்கள் காவலர் தேர்வுக்கும் துணை ராணுவத்துக்கும் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலைக்கும் விமான நிலைய வேலைக்கும் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். எழுத்துத் தேர்வும் உடற்தகுதியும் முடிந்தபின் வருவது நடத்தை, முன்வரலாறு சரிபார்ப்பு. அதைச் சம்பிரதாயம் என்று எண்ணிப் படிவத்தை அவசரமாக நிரப்புவதுதான் ஆபத்து. ஒரு சிறிய வழக்கைப் பொறுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. அதை மறைத்துப் போட்ட கையெழுத்துக்கு அந்த இடம் மிகக் குறைவு. அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு வகுத்த நெறிகளின் சாரம் இதுவே.

ஆகவே முதல் வேலை, உங்கள் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று நீங்களே தெரிந்துகொள்வது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் உங்களுக்கான சரிபார்ப்புச் சான்றுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். வழக்கு இருந்தால் எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தீர்ப்பு ஆகியவற்றின் நகல்களை வாங்கி வையுங்கள். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு கிலோவுக்கு உட்பட்ட கஞ்சா 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் சிறிய அளவு. அதை வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். "ஃபைன் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சுபோச்சு" என்று வீட்டில் ஆறுதல் சொல்வார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம் தண்டனைத் தீர்ப்பு; அது ஆவணத்தில் நிற்கும். ஒப்புக்கொள்ளும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம்.

அடுத்து, படிவத்தின் ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியாகப் படியுங்கள். கைது, தடுப்புக்காவல், நன்னடத்தைப் பிணை, அபராதம், நிலுவை வழக்கு என்று அது பிரித்துக் கேட்கும். விடுதலை ஆகியிருந்தாலும் கைது கைதுதான். 'ஆம்' என்று எழுதி, வழக்கு எண்ணையும் முடிவையும் சேர்த்து நகல்களை இணையுங்கள். கேட்காத ஒன்றைச் சொல்லாதது மறைப்பாகாது என்பதையும் அதே தீர்ப்பு தெளிவாக்கியது. படிவம் கொடுத்தபின் வழக்கு வந்தால் அதையும் எழுத்தில் தெரிவியுங்கள். 18 வயதுக்கு முன் நடந்த குற்றத்தின் தீர்ப்பு, இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவின்படி தகுதியிழப்பு ஆகாது. 16 வயது கடந்து, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடுமே என்பார்கள். போகலாம், அதை மறுப்பதற்கில்லை. உண்மையைச் சொன்னவரையும் முன்வரலாற்றைப் பார்த்து ஒதுக்க நிர்வாகத்துக்கு உரிமை இருக்கிறது. தமிழகக் காவல் பணியில் நிலை இன்னும் கடுமை: சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதும் விதியை 2008-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு ஏற்றது. ஆனாலும், சொல்லிவிட்டு நிராகரிக்கப்பட்டவர் குற்றத்தின் தன்மை, தன் அப்போதைய வயது, பிந்தைய நடத்தை ஆகியவற்றைக் காட்டி வாதாடலாம். வேறு வேலைக்கும் நேர்மையாக விண்ணப்பிக்கலாம். மறைத்தவர் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்தும் நீக்கப்படலாம். நாட்டின் ஆயுதத்தையோ விமானத்தையோ நம்பி ஒப்படைக்கும் இடத்தில் பொய்யைத் தனிக் குறையாகப் பார்ப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

போதைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போனால் அதுவும் பதிவாகி வேலையைக் கெடுக்கும் என்ற பயம் இன்னும் வேதனையானது. அதனாலேயே பழக்கத்தை விடாமல் இருப்பவர்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவோ, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையான ஒருவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் அவரை வழக்கிலிருந்து காக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். ஏற்கெனவே நடந்த கைதைப் படிவத்தில் சொல்ல வேண்டியதும் மாறாது. தேர்வு அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அல்லது 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசுங்கள்.