டெட் போர்டு ஐசிகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2022-ஆம் ஆண்டில் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பையை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கு இருப்பது 22.3 சதவீதத்துக்குத்தான் என்கிறது ஐ.நா.வின் 2024 அறிக்கை. நம் வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய பழைய கம்ப்யூட்டரும் அந்தக் குவியலில் சேர்ந்ததுதான். காயலான் கடையில் மதர்போர்டுக்கு எடைக்குத்தான் காசு. ஆனால் அதில் இருக்கும் ஐசிகளில் பல இன்னும் உயிரோடு இருப்பவை. அவற்றை எடுத்து மறுபடி பயன்படுத்துவது நல்ல காரியம். அதைச் சுற்றி உலவும் சில நம்பிக்கைகள்தான் ஆபத்தானவை.

நம்பிக்கை: போர்டு செத்துப்போனால் அதிலுள்ள ஐசிகளும் செத்தவைதான்.

உண்மை: ஒரு போர்டு நின்றுபோக ஒரே ஒரு பாகம் கெட்டால் போதும். 2000-களின் முதல் பாதியில் வந்த எத்தனையோ போர்டுகள், தரமற்ற எலெக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்ததால் மட்டுமே குப்பைக்குப் போயின. கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் காலப்போக்கில் உலர்ந்துவிடும். சிலிக்கான் ஐசியில் உலர்வதற்கு எதுவும் இல்லை. அதனால் பழைய போர்டிலிருந்து ஐசியை எடுக்கலாம், எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை எடுக்காதீர்கள்.

ஐசிகளிலும் விதிவிலக்கு உண்டு. டல்லாஸ் 12887 போன்ற பழைய கடிகார ஐசிகளுக்கு உள்ளேயே லித்தியம் பேட்டரி புதைந்திருக்கும். அது தீர்ந்துவிட்டால் ஐசி நேரத்தை மறந்துவிடும்.

நம்பிக்கை: பெரிய ஐசிக்குத்தான் மதிப்பு அதிகம்.

உண்மை: கழற்றிப் பயன்படுத்துபவருக்கு நிலைமை நேர் எதிர். நடுவில் பெரிதாக இருக்கும் சிப்செட்டுக்கு அடியில் நூற்றுக்கணக்கான சால்டர் உருண்டைகள் இருக்கும். பல சிப்செட்டுகளின் முழுமையான டேட்டாஷீட் பொதுவில் கிடைக்காது. அதே மாடல் போர்டைப் பழுதுபார்ப்பவருக்கு அது தேவைப்படலாம், மற்றவர்களுக்கு உதவாது.

உதவுபவை எல்லாம் சின்னவைதான். சிபியு சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் 12 வோல்ட்டைச் சுமார் 1 வோல்ட்டாக இறக்கிப் பல ஆம்பியர் மின்னோட்டத்தைச் சுமந்தவை. 12 வோல்ட் எல்இடி பட்டைக்கும் சின்ன டிசி மோட்டாருக்கும் அவை அருமையாகப் பொருந்தும். ஆனால் பெரும்பாலானவை 25 அல்லது 30 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 230 வோல்ட் வரும் இடத்தில் மறந்தும் போட்டுவிடாதீர்கள்.

486 காலத்துப் போர்டுகளில் கேஷ் நினைவகமாக இருந்த 28 கால் ஸ்டாடிக் ரேம் ஐசிகள் இன்றும் பழைய இசட்80 ப்ராசஸரை வைத்துக் கம்ப்யூட்டரைக் கையால் கட்டிப் பழகுபவர்களுக்குப் பொக்கிஷம். பல போர்டுகளில் அவை சாக்கெட்டில்தான் செருகியிருக்கும். சால்டரிங் அயர்னே தேவையில்லை.

நம்பிக்கை: எட்டுக்கால் பயாஸ் ஐசி எல்லாம் ஒன்றுதான்.

உண்மை: வின்பாண்ட் நிறுவனத்தின் இரண்டு ஐசிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 25கியூ64எஃப்வி, இன்னொன்றில் 25கியூ64எஃப்டபிள்யூ. இரண்டும் 64 மெகாபிட், அதாவது 8 மெகாபைட். கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. முதலாவது 3.3 வோல்ட்டில் வேலை செய்யும், இரண்டாவது 1.8 வோல்ட்டில். ஐசியைப் படிக்கவும் எழுதவும் உதவும் புரோகிராமர் கருவியை 3.3 வோல்ட்டில் இரண்டாவதில் மாட்டினால் அந்த ஐசியை இழக்க நேரிடலாம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமர்கள் பலவற்றில் ஐசிக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும். அதைச் சரிசெய்யாமல் பயன்படுத்துவது நல்லதல்ல.

பயாஸ் ஐசியைப் படித்து அழிக்கும் செய்முறை எளிதுதான், பொறுமை வேண்டும். ஐசியின் ஒரு மூலையில் உள்ள சிறு புள்ளி முதல் காலைக் காட்டும். புரோகிராமரை ஐசியோடு இணைக்கும் கிளிப்பின் சிவப்பு வயர் அந்தப் பக்கம் வர வேண்டும். ஐசியை ஒருமுறை படித்துச் சேமியுங்கள், கிளிப்பை எடுத்து மாட்டி இன்னொரு முறை படியுங்கள். இரண்டு கோப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் கிளிப் சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகே பழையதை அழிக்கலாம். அந்தக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். போர்டின் சீரியல் எண், நெட்வொர்க் முகவரி, சில கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் உரிம எண் வரை அதில் இருக்கும்.

நம்பிக்கை: சூடு பட்டாலே ஐசி போய்விடும்; அதனால் ஒரே இழுப்பில் பிடுங்கிவிட வேண்டும்.

உண்மை: ஐசி போர்டில் ஏறியதே 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூட்டில்தான். பழைய ஈயப் பற்று (சால்டர்) 183 டிகிரியில் உருகும். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ஈயத்துக்குத் தடை கொண்டுவந்த பிறகு பரவலான ஈயமில்லாப் பற்று உருகுவதற்கு 217 டிகிரி அளவில் சூடு வேண்டும். அளவான சூட்டைச் சில நொடிகள் ஐசி தாங்கும். நீண்ட நேரச் சூட்டையும் முரட்டு இழுப்பையும்தான் அது தாங்காது.

கால்களில் ஃபிளக்ஸ் தடவி, கொஞ்சம் ஈயப் பற்றையும் சேர்த்து உருக்கினால் உருகுநிலை இறங்கும். ஹாட் ஏரைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். பற்று பளபளவென்று மாறும்போது ட்வீசரால் லேசாகத் தொட்டால் ஐசி நகர்ந்து மறுபடி தன் இடத்துக்கே வந்து நிற்கும். அப்போதுதான் தூக்க வேண்டும். அதற்கு முன் இழுத்தால் போர்டின் பேடும் சேர்ந்து பெயர்ந்து வரும்.

வருடக்கணக்கில் பரணில் கிடந்த ஐசியின் பிளாஸ்டிக் உறை ஈரத்தை உறிஞ்சியிருக்கும். திடீரென்று சூடாக்கினால் அந்த ஈரம் ஆவியாகி உள்ளே விரிசல் விடலாம். சர்வீஸ் ஆட்கள் போர்டை முதலில் மிதமான சூட்டில் காயவைப்பது அதனால்தான். அதற்குச் சமையலறை அடுப்பையோ ஓவனையோ பயன்படுத்தவே கூடாது. ஈயமும் போர்டின் ரசாயனப் புகையும் சாப்பாட்டில் போய்ச் சேரும்.

நம்பிக்கை: மதர்போர்டில் தங்கம் இருக்கிறது, ஆசிட்டில் போட்டால் காசாகிவிடும்.

உண்மை: தங்கம் இருப்பது உண்மை. ஒரு டன் போர்டுக்குச் சுமார் 200 கிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முக்கால் கிலோ போர்டு ஒன்றுக்கு 0.15 கிராம் வரும். ஒரு குண்டுமணித் தங்கத்துக்காக நைட்ரிக் அமிலத்தைக் கையாளும்போது எழும் செம்பழுப்புப் புகை நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளச் செய்யும். சுவாசித்த உடனே ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் வருவதுதான் அதன் கொடுமை. இது வீட்டில் செய்யும் வேலையே அல்ல.

நம்பிக்கை: வேலை செய்கிற ஐசி என்றால் புதிது என்று சொல்லி விற்பதில் தப்பில்லை.

உண்மை: பெரிய தப்பு. சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் உள்ள குயியூ ஊரில், போர்டுகளை நெருப்பில் காட்டி உதிர்த்த ஐசிகளின் மேற்பரப்பைத் தேய்த்து, புதிய எண்ணையும் தேதியையும் அச்சிட்டு விற்கும் தொழில் பல ஆண்டுகள் நடந்தது. அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு 2012-இல் வெளியிட்ட அறிக்கை, ராணுவத் தளவாட வழியில் போலியோ என்று சந்தேகிக்கப்பட்ட சுமார் 1,800 நிகழ்வுகளைப் பட்டியலிட்டது. அவற்றில் இருந்த பாகங்கள் 10 லட்சத்துக்கும் மேல். கழற்றிய ஐசி குற்றவாளி அல்ல, அதன் வரலாற்றை மறைப்பதுதான் குற்றம். உயிர் காக்கும் கருவியிலும் வாகனப் பிரேக்கிலும் கழற்றிய ஐசிக்கு இடமில்லை. படிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எடுக்கிற ஒவ்வொரு ஐசிக்கும் மூன்று தகவல்களை எழுதி வையுங்கள்: எந்தப் போர்டிலிருந்து வந்தது, எத்தனை வோல்ட், சோதித்தாயிற்றா. கறுப்பு ஆன்டிஸ்டாடிக் ஃபோமில் குத்தி வைத்தால் நிலைமின்சாரத்திடமிருந்து தப்பும். எடுத்தது போக மிஞ்சிய போர்டைக் குப்பைத்தொட்டியில் போடாமல், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இந்தியாவின் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்த்துவிடுங்கள். உருக்கி எடுக்கும் உலோகத்தைவிட, வேலை செய்யும் ஐசிக்கு மதிப்பு அதிகம். அது என்ன ஐசி என்று தெரிந்து எடுப்பவருக்கே அந்த மதிப்பு கைக்கு வரும்.