பாட்டு பதிய ஒரு கணினி: எதை முதலில் வாங்குவது?



போன மாதம் வகுப்பு முடிந்ததும் ஒரு தம்பி என்னிடம் வந்தார். "அண்ணே, பாட்டு பதிவு செய்ய சொந்தமா ஒரு கணினி அசெம்பிள் பண்ணணும். எந்த கிராஃபிக்ஸ் கார்டு நல்லது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே மனசு கொஞ்சம் கனத்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியில்தான் தொடங்கினேன். அதற்கு நான் கொடுத்த விலை வெறும் காசு மட்டும் இல்லை. அதனால் இந்தப் பாடத்தை என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

என் முதல் கணினி

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தக் காலத்துத் தாலாட்டும் நடவுப் பாட்டும் நிறைய அவர் நினைவில் இருந்தன. எங்கும் எழுதி வைக்காத பாட்டுகள். அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொன்னதும், அம்மா தான் போட்டிருந்த கூட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். 4,000 வெள்ளி.

கிள்ளானிலிருந்து ரயிலேறி கோலாலம்பூர் போய், லோ யாட் பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். கண்ணாடிக்குள் வண்ண விளக்கு மின்னும் பெட்டிகளைப் பார்த்து மயங்கிவிட்டேன். 1,500 வெள்ளிக்குக் கிராஃபிக்ஸ் கார்டு. மீதிப் பணத்தில் மற்ற பாகங்கள். ஒலியைப் பதிவு செய்யும் கருவிக்கு எதுவும் மிஞ்சவில்லை. மைக்கைக் கணினியின் பின்புறம் இருந்த சிறு துளையிலேயே செருகிக்கொண்டேன்.

பாட்டிக்கு ஹெட்ஃபோன் மாட்டிப் பாடச் சொன்னேன். இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்திவிட்டார். "டேய் தம்பி, யாரோ என் பின்னாலேயே பாடுறாங்கடா. எனக்குப் பாட வரல" என்றார். பதிவைப் போட்டுக் கேட்டால், பாட்டியின் மெல்லிய குரலுக்கு மேல் கார்டு விசிறியின் இரைச்சல் ஏறி உட்கார்ந்திருந்தது.

பின்னால் பாடியது யார்?

பாட்டியின் குரல்தான். கணினி ஒலியை வாங்கி, எண்ணாக மாற்றி, சிறு சிறு கட்டுகளாகச் சேர்த்து, பிறகு திருப்பி அனுப்புகிறது. அந்தக் கட்டுக்கு 'பஃபர்' என்று பெயர். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது, 1,024 மாதிரிகள் கொண்ட கட்டு நிரம்ப 21 மில்லி நொடி ஆகும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று கூட்டினால் 42 மில்லி நொடிக்கு மேல். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அப்படியானால் பாட்டி தன் குரலை 14 மீட்டர் தள்ளி நின்று கேட்பது போல் ஆகிவிட்டது! யாரால் பாட முடியும்?

கட்டை 128 மாதிரிகளாகக் குறைத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 5 மில்லி நொடி சொச்சம்தான். ஆனால் கட்டு சிறிதாக ஆக, கணினி அவசர அவசரமாக வேலை செய்ய வேண்டும். நேரத்துக்கு முடிக்காவிட்டால் 'டிக் டிக்' என்று ஒலி வெட்டும். ஆகவே இசைக் கணினியின் முழு ரகசியம் இதுதான்: சிறிய கட்டை, சத்தமில்லாமல், நேரத்துக்கு முடித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் இந்த ஒரு அளவுகோலால் பாருங்கள்.

பாகம் பாகமாக

1. ஆடியோ இன்டர்ஃபேஸ். முதலில் இதை வாங்குங்கள். யூ.எஸ்.பி.யில் செருகும் சிறு பெட்டி. மைக் ஒலியைச் சுத்தமாக வாங்கும். விண்டோஸில் 'ஆசியோ' டிரைவர் உள்ளதா என்று கேளுங்கள். ஜெர்மனியின் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் உருவாக்கிய முறை அது, தாமதத்தைக் குறைக்கும். 'டைரக்ட் மானிட்டர்' வசதி இருந்தால், பாடுபவர் குரல் கணினியைச் சுற்றாமல் நேரே அவர் காதுக்குப் போகும். கண்டென்சர் மைக் வாங்கினால் 48 வோல்ட் கொடுக்கும் பொத்தான் வேண்டும்.

2. புரோசசர். ஒரு பாட்டில் பல தடங்கள் இருந்தால் அவற்றைப் பல கோர்கள் பங்கு போட்டுக்கொள்ளும். ஆனால் ஒரே தடத்தில் வரிசையாகப் போட்ட எஃபெக்ட்டுகளை ஒரு கோர் தான் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும். அதனால் கோர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு கோரின் வேகத்தையும் பாருங்கள். முதல் கணினிக்கு 6 கோர் போதும்.

   இன்னொரு எச்சரிக்கை. இன்டெல் புரோசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால், அதில் படம் காட்டும் வசதி இல்லை. ஏ.எம்.டி.யில் ரைசன் 5 5600-க்கு அது இல்லை, 5600ஜி-க்கு உண்டு. நான் கிராஃபிக்ஸ் கார்டை விற்றுவிட்டு வந்து கணினியைத் திறந்தேன். திரை கறுப்பு! என் புரோசசர் 'எஃப்' வகை. அதையும் மாற்ற வேண்டியதாகப் போச்சு.

3. கிராஃபிக்ஸ் கார்டு. பாட்டுக்கு வேண்டாம். காசு மிச்சம், விசிறி ஒன்று மிச்சம், மின்சாரமும் மிச்சம்.

4. மதர்போர்டு. புரோசசரின் சாக்கெட்டுக்குப் பொருந்த வேண்டும். ஏ.எம்.4-க்கு உரியது ஏ.எம்.5-இல் உட்காராது. ரேம் டி.டி.ஆர்.4-ஆ, 5-ஆ என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. விளக்கு எரியும் போர்டுக்கு அதிகம் கொடுக்காதீர்கள். யூ.எஸ்.பி. துளைகள் நிறைய இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

5. ரேம். குரலும் சில கருவிகளும் பதிய 16 ஜிபி. வயலின் குழு, மிருதங்கம் என்று பெரிய ஒலித் தொகுப்புகளை ஏற்றப் போகிறீர்கள் என்றால் 32 ஜிபி. ஒரே பட்டையாக வாங்காமல் இரட்டையாக வாங்குங்கள், வேகம் கூடும். நான்கு துளை இருந்தால் பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். போர்டோடு வரும் கையேட்டில் இருக்கும்.

6. எஸ்.எஸ்.டி. சுழலும் ஹார்ட் டிஸ்க் முனகும், பெட்டிக்குள் வேண்டாம். 24 பிட், 48,000 மாதிரி என்ற கணக்கில் ஒரு தடம் நிமிடத்துக்கு 8.6 எம்பி பிடிக்கும். 12 தடம், 5 நிமிடப் பாட்டு என்றால் 500 எம்பி தாண்டும். 1 டிபி வாங்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் எறியாதீர்கள். வெளியே வைத்துப் பிரதி எடுக்க உதவும்.

7. பவர் சப்ளை, கூலர், பெட்டி. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு 500 வாட் தாராளம். பெயர் தெரியாத மலிவுச் சரக்கை மட்டும் தொடாதீர்கள். விசிறி பெரிதாக இருந்தால் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தரும். அதனால் 120 மில்லிமீட்டர் விசிறி உள்ள கூலர் நல்லது. நம் ஊர் வெயிலுக்கு, முன்பக்கம் வலை போட்ட பெட்டியே சரி. காற்று தடையின்றிப் போனால் விசிறி வேகமாக ஓட வேண்டியதில்லை. இடி மின்னல் அதிகம் உள்ள நாடு நமது. சர்ஜ் காப்பு உள்ள பிளக் பலகையும் வாங்குங்கள். இடி இடிக்கும்போது பிளக்கையும் பிடுங்கி விடுங்கள்.

பணத்தைப் பிரிப்பது

திரையும் விசைப்பலகையும் வீட்டிலேயே இருக்கட்டும். நூறு வெள்ளியில் அறுபதைக் கணினிப் பெட்டிக்கும், நாற்பதை இன்டர்ஃபேஸ், மைக், ஹெட்ஃபோனுக்கும் ஒதுக்குங்கள். வெளியே இருக்கும் இந்த மூன்றையும் அடுத்த கணினிக்கும் கொண்டு போகலாம். பாகங்கள் பழசாகும்; நல்ல மைக் நெடுநாள் வரும்.

பொருத்தும் நாளில் பிளக்கைக் கழற்றி, வெறுங்கையால் பெட்டியின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு தொடங்குங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் பாகத்தைக் கெடுக்காது. ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

பதியும்போது பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளி வையுங்கள். கார்டியாய்டு மைக்கின் முதுகுப் பக்கம் ஒலியை மிகக் குறைவாக வாங்கும்; அந்த முதுகு கணினியைப் பார்க்கட்டும். அறை விசிறியையும் ஐந்து நிமிடம் நிறுத்திவிடுங்கள். வேர்த்தால் வேர்க்கட்டும்.

பிறகு பாட்டி பாடினாரா?

பாடினார். ஆனால் நான் கார்டை விற்று, புரோசசரை மாற்றி, இன்டர்ஃபேஸுக்குக் காசு சேர்த்து முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் பாட்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. ஹெட்ஃபோனை மாட்டியதும், "இப்போ யாரும் பின்னால பாடலடா" என்று சிரித்தார். இரண்டு பாட்டு முழுதாக வந்தது. மூன்றாவதில் நடுவில் வரிகள் மறந்துவிட்டன. மற்றவை அவரோடேயே நின்றுவிட்டன.

அந்த இரண்டும் சுத்தமாக, இரைச்சல் இல்லாமல் இருக்கின்றன. மூன்று இடத்தில் பிரதி வைத்திருக்கிறேன். ஆனாலும் விளக்கைப் பார்க்காமல் வேலையைப் பார்த்து முதலிலேயே வாங்கியிருந்தால் எத்தனை பாட்டு கிடைத்திருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்: கார்டைப் பற்றிக் கேட்காதீர்கள். யாருடைய குரலைப் பதியப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பட்டியல் அங்கிருந்து தானாக வரும்.

செய்து பாருங்கள்

1. நீங்கள் பதிய விரும்பும் ஒரு பாட்டை எடுத்து, எத்தனை தடம் வேண்டும் என்று எழுதுங்கள். எத்தனை எம்பி ஆகும்?
2. 256 மாதிரி கட்டுக்கு, நொடிக்கு 48,000 என்ற கணக்கில், ஒரு பக்கத் தாமதம் எவ்வளவு?
3. கடைக்காரர் ஒரு புரோசசரைக் காட்டுகிறார். வாங்கும் முன் நீங்கள் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் என்ன?
4. உங்கள் வீட்டில் யாருடைய குரல் இன்னும் பதியப்படாமல் இருக்கிறது? கணினி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று கைப்பேசியிலாவது பதிந்து வையுங்கள்.