பழைய கத்தியின் கறுப்பை உரிக்கும் முன்



சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்கு மெருகு போட்டுப் பழகிய கை உங்களுடையது. அந்தக் கையோடு பழைய கத்திகளையும் வாங்கிப் புதுப்பித்துக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். தெருத் தெருவாக வந்த சாணைக்காரர்கள் குறைந்துவிட்ட காலத்தில் இது நல்ல வேலை, செய்ய வேண்டிய வேலை. ஆனால் வெள்ளி உங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பழக்கம் கத்தியில் கேடு செய்யும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். வெள்ளியில் கறுப்பு என்றால் கந்தகம் ஏறிய கறை. அதை எடுத்தால் அடியில் அதே வெள்ளி இருக்கும், பொருளுக்கு ஒரு நட்டமும் இல்லை. கத்தியில் இருக்கும் கறுப்பு அப்படி ஒரே ஜாதி அல்ல. ஒன்று இரும்பைக் காத்துக்கொண்டிருக்கும், ஒன்று மறைவாக அரித்துக்கொண்டிருக்கும், இன்னொன்று சாப்பாட்டில் உதிர்ந்துகொண்டிருக்கும். பூச்சு தேய்ந்த கத்தியைக் கண்டதும் உரித்துவிடலாம் என்றோ மறுபடி பூசிவிடலாம் என்றோ முடிவுகட்டாதீர்கள். அது என்ன பூச்சு, இந்த நிலையில் இரும்புக்கு அது என்ன செய்கிறது என்று தெரிந்த பிறகே கை வைக்க வேண்டும். நான் வாதாட வருவது இந்த ஒன்றுக்காகத்தான்.

அதிகம் வரக்கூடிய கறுப்பு, ரசாயனத்தில் முக்கி எடுத்த கறுப்பு. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசல் ஏறக்குறைய 140 டிகிரியில் கொதிக்கும்போது எஃகை அதில் முக்கினால், அதன் மேல்தோலே மேக்னடைட்டாக மாறிவிடும். கஞ்சமலையின் இரும்புக்கனிமமும் இதே மேக்னடைட்தான். நம் ஊர் மலையில் பாறையாகக் கிடப்பது, கத்தியின் மேல் ஒரு மைக்ரான் அளவுத் தோலாக நிற்கிறது. இந்தத் தோல் தனியாக நின்று துருவைத் தடுத்துவிடாது. எண்ணெயைப் பிடித்துவைப்பதுதான் அதன் முக்கிய வேலை. மூலைகளில் தேய்ந்து வெளுத்திருந்தாலும் நடுவில் இருக்கும் கறுப்பு யாருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆனால் வினிகரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் கரைந்துபோகும். இவ்வளவு சுலபமாக எடுக்க முடிவதாலேயே தேவையில்லாமல் எடுத்துவிடுகிறார்கள். எடுத்த மறுவாரமே ஐப்பசி மழை ஈரத்தில் அந்தக் கத்தி செந்துரு பிடித்து உங்களிடமே திரும்பி வரும். வெங்காயமும் மாங்காயும் நறுக்கி நறுக்கி இரும்புக் கத்தியில் தானாக ஏறும் சாம்பல் நீலக் கருமைக்கும் இதே நியாயம்தான். அது கெட்டியாக ஒட்டிய தோல். தேய்த்தால் விரலில் வராது, வாசனையும் விடாது.

நிக்கல், குரோமியம் முலாம் போட்ட கத்தியின் கதை நேர் எதிர். தண்ணீர் வாளிக்குப் பூசும் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். நிக்கல் அப்படிச் செய்யாது. முலாம் முழுசாக இருக்கும்வரை நல்ல கவசம். ஓர் இடத்தில் கீறிவிட்டால், ஈரம் படும்போது அந்தக் கீறலில் தெரியும் இரும்பு, வெறும் இரும்பைவிட வேகமாக அரிக்கும். முலாமுக்கு அடியில் துரு ஊர்ந்து போய், மேலே கொப்புளமாக எழும்பும், பிறகு செதில் செதிலாகப் பெயரும். தேய்ந்த கறுப்பை விட்டுவைக்கலாம் என்ற நான், தேய்ந்த நிக்கலை எடுத்துவிடச் சொல்வது இதனால்தான். பெயின்ட்டும் எபாக்ஸியும் இதே வகை. அவை உரிந்த விளிம்புக்கு அடியில் தண்ணீர் தங்கும். ஒட்டாத பூச்சு போட்ட சமையல் கத்தி உதிரத் தொடங்கினால் உப்புத்தாளால் தண்ணீருக்குள் வைத்துத் தேய்த்து எடுங்கள். நெருப்பில் காட்டவே காட்டாதீர்கள். 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், அதற்கும் மேலே போனால் வரும் புகை கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும். தங்க நிறத்தில் வரும் டைட்டானியம் நைட்ரைடு பூச்சோ எஃகைவிடப் பல மடங்கு கடினம். அது பாதி தேய்ந்திருந்தாலும் அதோடு மல்லுக்கட்டினால் கல்தான் தேயும். அதை விட்டுவிடுங்கள்.

எது எது என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். கொலுசுக் கண்ணியின் பற்றவைப்பைப் பார்க்கும் அதே லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த இடமும் தேயாத இடமும் சேரும் ஓரத்தைப் பாருங்கள். அங்கே படி போல ஒரு விளிம்பு தெரிந்தால் அது மேலே பூசிய பூச்சு. கறுப்பு மெல்ல மெல்ல மங்கி இரும்போடு கலந்துபோனால் அது இரும்பின் தோலே. கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் அந்த ஓரத்தை நெம்புங்கள். செதிலாகப் பெயர்ந்தால் முலாம் அல்லது பெயின்ட், பெயராவிட்டால் பெரும்பாலும் ஆக்சைடு. அடுத்து, பிடியை ஒட்டி வெறும் இரும்பு தெரியும் இடத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுக் காத்திருங்கள். சாதா எஃகானால் சில நிமிடத்தில் சாம்பல் நிறமாகும். துருப்பிடிக்காத எஃகு அப்படியே இருக்கும். காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் எவர்சில்வர் என்று பாத்திரக் கடையில் பார்க்கும் சோதனை இங்கே உதவாது. கஞ்சமலை அடிவாரத்தில் 1981-இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலையால் நம் ஊர்ப் பெயர் எவர்சில்வரோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் பாத்திரத்துக்குப் போகும் 304 ரகத்தைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. கத்திக்குப் போகும் 420 போன்ற ரகம் கடினமாகும், காந்தமும் அதில் நன்றாக ஒட்டும்.

இனி பஃபிங் மோட்டார். செவ்வாய்ப்பேட்டைக் கைக்கு அது எட்டும் தூரத்திலேயே இருக்கிறது, எனக்கு அதிகப் பயமும் அதனிடம்தான். சாதா எஃகுக் கத்திகளைத் தோய்த்த பிறகு பெரும்பாலும் 200 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் பதப்படுத்துவார்கள். சக்கரத்தில் அழுத்தினால் காகிதம் போல மெலிந்த கத்தி வாய் அந்தச் சூட்டைக் கண் இமைக்கும் நேரத்தில் தாண்டிவிடும். 220 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம் ஏறும், 300 வாக்கில் நீலம். நீலம் ஏறிய இடத்தில் பதம் போயிற்று. கொடுமை என்னவென்றால், அந்த நீலத்தை அதே சக்கரத்தில் இன்னொரு முறை காட்டினால் மறைந்துவிடும். கத்தி கண்ணாடியாக மின்னும், வாங்குகிறவர் சந்தோஷமாகப் போவார், நாலு தேங்காய்க்குள் வாய் மடங்கும். சக்கரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. கத்தி வாய் அதன் சுழற்சிக்கு எதிராகத் திரும்பினால் துணிச் சக்கரம் கத்தியைக் கவ்விப் பிடுங்கி எறியும். கொலுசு சிக்கினால் கொலுசு கெடும், கத்தி சிக்கினால் ஆளின் உயிருக்கே ஆபத்து. கல், தண்ணீர், உப்புத்தாள், மரக்கட்டை, இவை போதும். நேரம் அதிகம் பிடிக்கும், அந்த நேரத்துக்குக் கூலி கேளுங்கள்.

சக்கரம் எடுத்துக்கொண்டு போவது பதத்தை மட்டுமல்ல. 19-ஆம் நூற்றாண்டில் சேலத்தில் அருணாசலம் என்றொரு ஆயுதக் கொல்லர் பெரும் பேர் வாங்கியிருந்தார். வேட்டைக் கத்திகளுக்கும் பன்றி வேட்டை ஈட்டி முனைகளுக்கும் வெள்ளைக்கார அதிகாரிகள் அவரைத் தேடி வந்தார்கள். தன் பெயரையும் சேலம் என்ற ஊர்ப் பெயரையும் ஆங்கில எழுத்தில் கத்தியின் மேல் குத்தி விற்றார். இன்றைக்கும் அந்தக் கத்திகள் ஏலத்துக்கு வருகின்றன. அந்த முத்திரை ஆழமானது அல்ல. கறுப்பும் துருத் துகளும் அடைத்து, பார்த்தால் வெறும் அழுக்குக் கோடு போலத் தெரியக்கூடும். ஐந்து நிமிட பஃபிங் போதும், அது சேலத்துக் கத்தி என்பதற்குச் சாட்சியே இல்லாமல் போக. சில உருக்குக் கத்திகளில் அலை போல ஓடும் நீர்வரி மெருகில் மறைந்தாலும், மெல்லிய அமிலத்தில் திரும்ப எழுப்பலாம், ஏனென்றால் அது இரும்பின் உள்ளேயே இருக்கிறது. குத்திய எழுத்துக்கு அந்த வசதி இல்லை.

அப்படியானால் பழையது எதையும் தொடாதே என்கிறீர்களா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930களில் எஸ். பரமசிவன் செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் சிகிச்சை செய்தார். குளோரைடு ஏறிய வெண்கலம் நோய் பிடித்ததைப் போலப் பொடிந்துகொண்டே போகும். அதை நிறுத்தாவிட்டால் சிலையே மிஞ்சாது என்பதால் அவர் கை வைத்ததில் முழு நியாயம் இருந்தது. ஆனால் அந்த முறை நோய்த் தோலோடு நல்ல பச்சைத் தோலையும் சேர்த்து உரித்துவிடுகிறது என்று கண்டு, பின்னால் வந்த அருங்காட்சியகத்தார் உலகெங்கும் அதைப் பெரும்பாலும் ஒதுக்கினார்கள். கத்தியில் அந்த நோய்க்கு நிகர், விரலில் ஒட்டும் செந்துரு. அதைக் கட்டாயம் எடுக்க வேண்டும், எண்ணெய் விட்டு நுண்ணிய கம்பிநாரால், செந்துரு தீர்ந்து கறுப்பு தொடங்கும் இடம்வரை மட்டும். அங்கே நிறுத்தும் கட்டுப்பாடு வருவதற்குத்தான் நாளாகும்.

வாடிக்கையாளர் பளபளப்பைத்தானே கேட்கிறார் என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி, வயிற்றுப்பாட்டுக் கேள்வி. பட்டறையில் முலாம் தொட்டி தயாராக இருக்கும்போது நிக்கல் ஒரு கோட் போட்டுக் கொடுத்தால் என்ன என்றும் தோன்றும். யோசித்துப் பாருங்கள். எந்த முலாமும் முதல் சாணையிலேயே கத்தி வாயிலிருந்து போய்விடும். வெட்டுகிற இடம் என்றைக்கும் வெறும் இரும்புதான். நீங்கள் காசு வாங்கிக்கொண்டு பூசுவது வெட்டாத இடத்துக்கு மட்டுமே, அதுவும் வாயின் ஓரத்திலேயே ஒரு கீறலோடு தொடங்கும் முலாம். கீறிய நிக்கல் என்ன செய்யும் என்பதை முன்பே சொன்னேன். முலாம் போடும் முன் அமிலத்தில் கழுவுவார்களே, அதில் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். உடனே 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்கில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். அது எல்லாப் பட்டறையிலும் நடக்கிற காரியமா?

இதில் ஓர் எச்சரிக்கை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். வெள்ளி முலாம் தொட்டியில் இருப்பது சயனைடு. கத்தியின் முலாமை உரிக்க எடுத்த அமிலம் அதில் கலந்தால் எழும் வாயு ஆளைக் கொல்லும். ஒரே வாளி, ஒரே சாக்கடைத் துளை, ஒரே கையுறைகூட இரண்டுக்கும் ஆகாது. குரோமியத்தை மின்சாரம் வைத்து உரித்தால் தண்ணீரில் சேருவது புற்றுநோய் தரும் குரோமியம். ஏற்கெனவே சாயக்கழிவைச் சுமக்கும் திருமணிமுத்தாறு இதையும் சுமக்க வேண்டாம். நிக்கலோ குரோமியமோ, கல்லில் ஈரத்தோடு தேய்த்து எடுங்கள், சேறாக வரும் கழிவைத் துணியில் வடித்து உலர்த்தித் தனியே வையுங்கள்.

பளபளப்பு கேட்டு வருகிறவரிடம் கத்தி வாயை மட்டும் மின்ன வைத்துக் கொடுங்கள். கல்லில் நன்றாகத் தீட்டிய வாய் தானாகவே வெள்ளிக் கோடு போல் நிற்கும், அதற்கு மேலே கறுப்பு இருந்தால் அந்தக் கோடு இன்னும் எடுப்பாகத் தெரியும். அவர் முன்னாலேயே ஒரு தக்காளியை அழுத்தாமல் நறுக்கிக் காட்டுங்கள். கத்தியோடு ஒரு சீட்டும் கொடுங்கள். என்ன பூச்சு இருந்தது, எதை எடுத்தீர்கள், எதை விட்டுவைத்தீர்கள் என்று மூன்று வரி, பிறகு வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்கவும் என்று ஒரு வரி. அடுத்த முறை அந்தக் கத்தி உங்களிடம் வந்தாலும் வேறு ஆளிடம் போனாலும், எடுப்பவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அதில் இருக்கும்.