மாமூலும் மரியாதையும்: மாநகராட்சி அலுவலர்க்கான விதிகள் பற்றி வணிகர் அறிய வேண்டியவை



கடை நடத்துகிறவருக்கு மாநகராட்சி அலுவலகம் இரண்டாவது கடை மாதிரி. தொழில் உரிமம், சொத்து வரி, தொழில் வரி, பெயர்ப் பலகை என்று ஆண்டில் பல முறை அந்தப் படி ஏற வேண்டியிருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு நம் மாநிலத்தில் தடை வந்த பின், அவர்கள் நம் கடைப்படி ஏறி வருவதும் கூடியிருக்கிறது.

அந்த அலுவலர் நம்மிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குச் சட்டம் இருக்கிறது, விதி இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்திருப்போம்? எத்தனையோ ஆண்டு வியாபாரம் செய்தும் நாங்கள் படித்ததில்லை. ஒரு நஷ்டம் வந்த பிறகுதான் படித்தோம். அது கணக்குப் புத்தகத்தில் எழுத முடியாத நஷ்டம். அதை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறோம்.

நடந்தது என்ன?

எங்கள் மண்டியில் கணக்கு எழுத ஒரு பெண் இருந்தார். பி.காம். படித்தவர். ஐந்தொகையில் ஒரு பைசா பிசகாது. 2016ஆம் ஆண்டு, உரிமம் புதுப்பிக்கும் வேலையாக அவரை ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினோம். "நாளைக்கு வரச் சொன்னாங்க ஐயா" என்று திரும்பி வந்தார். மறுநாளும் அதே பதில். மூன்றாம் முறை போகச் சொன்னபோது, "வேற யாரையாவது அனுப்புங்க ஐயா" என்றார். ஒரு மனுவைக் கொடுத்து வாங்கி வரத் தெரியவில்லையே என்று கடிந்துகொண்டோம். மறுபேச்சுப் பேசாமல் போனார். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டார். வீட்டில் வரன் பார்க்கிறார்கள் என்று காரணம் சொன்னார்.

வேலை நிற்கக் கூடாதே என்று, கடைப் பையன் கையில் ஒரு கவரைக் கொடுத்து அனுப்பினோம். அன்று மாலையே உரிமம் வந்துவிட்டது.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, ஒரு கல்யாண வீட்டில் அந்தப் பெண்ணின் தாயாரைப் பார்த்தோம். அவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, அலுவலகம் காலியாகும் வரை அந்தப் பெண்ணை உட்கார வைத்திருக்கிறார் அங்கிருந்த ஊழியர். கைப்பேசி எண் கேட்டிருக்கிறார். கொடுக்காதபோது, "உங்க முதலாளிதான் கவர் அனுப்பலே, நீயாவது சிரிச்சுப் பேசக் கூடாதா?" என்றிருக்கிறார். "உங்ககிட்டச் சொன்னா நீங்க என்ன நினைப்பீங்களோன்னு பயந்துட்டா ஐயா" என்றார் அந்தத் தாயார்.

எங்களைச் சுட்டது அந்த ஊழியரின் பேச்சு மட்டுமல்ல. அதே ஊழியருக்குத்தான் நாங்கள் கவர் அனுப்பியிருக்கிறோம். ஒரு பெண்ணை அவமதித்தவருக்கு எங்கள் கல்லாவிலிருந்து கூலி கொடுத்திருக்கிறோம்.

பிறகு தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டோம். துறைக்குள் புகார் கொடுக்கும் காலக்கெடு முடிந்துவிட்டது, காவல் நிலையத்துக்கு இன்னும் போகலாம் என்றார். பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமான நேரம். அந்தக் குடும்பம் விரும்பவில்லை. நாங்கள் வற்புறுத்தவும் இல்லை. அவரிடம் கேட்டுத் தெளிந்ததையும், அதன் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் கீழே தருகிறோம்.

1. லஞ்சம் என்று சட்டம் எதைச் சொல்கிறது?

ஊழல் தடுப்புச் சட்டம் 1988ல் வந்தது. 2018 ஜூலை 26 முதல் அது பெரிய அளவில் திருத்தப்பட்டது. உள்ளாட்சி அமைப்பில் சம்பளம் வாங்கும் எல்லோரும் இந்தச் சட்டப்படி பொது ஊழியர்களே. மக்கள் தேர்ந்தெடுத்த நகர்மன்ற உறுப்பினரும் பொது ஊழியர்தான் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

செய்யக் கூடாததைச் செய்வதற்குப் பணம் வாங்குவதுதான் லஞ்சம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். செய்ய வேண்டிய வேலையைச் செய்வதற்கு வாங்கினாலும் லஞ்சமே. சட்டத்தின் 7ஆம் பிரிவே ஓர் உதாரணம் தருகிறது: வழக்கமான ரேஷன் கார்டு மனுவைக் காலத்தில் முடித்துக் கொடுக்க 5,000 ரூபாய் கேட்கும் ஊழியர் குற்றவாளி. இதற்குத் தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும். ஆகவே, "நியாயமான வேலைதானே, சீக்கிரம் முடியக் கொடுத்தேன்" என்ற நம் சமாதானம் செல்லாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முறையற்ற ஆதாயம் என்பது ரூபாயில் மதிப்பிடக்கூடியதாக இருக்க வேண்டியதில்லை. சம்பளத்துக்கு மேற்பட்ட எந்த இன்பமும், எந்தச் சலுகையும் அதில் அடங்கும். மனுவை முடித்துக் கொடுப்பதற்காக ஒரு பெண்ணிடம் இணக்கம் கேட்பதும் இந்தச் சட்டத்தின் வாசலுக்கு வரும்.

2. கொடுத்தவர் நிலை

இதுதான் வணிகர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய பாடம். முன்பு 24ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. லஞ்சம் கொடுத்ததாக ஒருவர் தரும் வாக்குமூலத்தைக் கொண்டு அவர் மேலேயே வழக்குப் போடக் கூடாது என்றது. 2018 திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது 8ஆம் பிரிவின்படி, கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு.

முதலாவது, கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர். அவர் கொடுத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் காவல் துறைக்கோ, விசாரணை அமைப்புக்கோ தெரிவித்துவிட வேண்டும். இரண்டாவது, முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, பிடித்துக் கொடுப்பதற்காகப் பணம் கொடுத்தவர். இந்த இரண்டிலும் சேராதவர் குற்றவாளிக் கூண்டில் அலுவலரின் பக்கத்திலேயே நிற்க நேரும்.

கூட்டு வியாபாரம் செய்வோருக்குக் கூடுதல் கவனம் தேவை. நிறுவனத்தின் காரியத்துக்காகக் கடை ஆள் கொடுத்தாலும் 9ஆம் பிரிவின்படி நிறுவனத்துக்கு அபராதம் உண்டு. கூட்டாளியின் சம்மதத்தோடு நடந்தது என்று ருசுவானால் அவருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. "பையன் கொடுத்தான், எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்புவது கடினம்.

தீபாவளிக்கு அனுப்பும் இனிப்புப் பெட்டி, வேட்டி சட்டை விஷயத்திலும் இனி யோசிக்க வேண்டும். அரசு ஊழியர்களுக்கான 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள், அலுவல் தொடர்புள்ளவரிடம் அன்பளிப்பு வாங்குவதைக் கட்டுப்படுத்துகின்றன. நம் அன்பு அவர் வேலைக்கு ஆபத்தாக வேண்டாம்.

3. கேட்டால் என்ன செய்வது?

அ. எந்த மனுவையும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கொடுக்கக் கூடாது. இணையத்தில் செய்யக்கூடியதை இணையத்திலேயே செய்து, எண்ணைக் குறித்து வைக்க வேண்டும்.

ஆ. அபராதம் என்றால் ரசீது கேட்க வேண்டும். பொருளைக் கைப்பற்றினால் பட்டியல் எழுதி வாங்க வேண்டும். ரசீதில்லாத அபராதம் மாமூலின் மறுபெயர்.

இ. மனு ஏன் நிற்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ன் கீழ் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். பதில் தரக் கெடு 30 நாள். மனு யார் மேசையில், எந்தத் தேதி முதல் இருக்கிறது என்று கேட்டாலே பல கோப்புகள் நகர்ந்துவிடும்.

ஈ. பணம் கேட்டுத் தொல்லை கொடுத்தால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போக வேண்டும். 1964 முதல் நம் மாநிலத்தில் இயங்கும் துறை இது. மாவட்டங்களில் அலுவலகம் உண்டு. புகார் உண்மையாகப் பட்டால், சாட்சிகள் முன்னிலையில் பினாப்தலீன் பொடி தடவிய நோட்டுகளைக் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும்.

இதில் புகார் கொடுத்தவர் பின்வாங்கினால் வழக்குப் படுத்துவிடும் என்ற பேச்சு உண்டு. கேட்டதையும் வாங்கியதையும் மெய்ப்பிக்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் புகார்தாரர் இறந்துபோனாலும், பிறழ்சாட்சியானாலும், மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலைகளையும் கொண்டு மெய்ப்பிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

4. பெண்களின் கண்ணியம்

1997ல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறைகளை வகுத்தது. அரசு நிறுவனங்களின் நடத்தை விதிகளிலேயே பாலியல் துன்புறுத்தலுக்குத் தடை சேர்க்க வேண்டும் என்றது. அதைத் தொடர்ந்து 2013ல் பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. விரும்பத்தகாத தொடுகை, இணக்கம் கேட்பது, ஆபாசமான பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, இந்த வகையான வேறு எந்த நடத்தையும் குற்றம்.

உள்ளாட்சி அலுவலகங்களும் இதில் அடக்கம். பாதிக்கப்பட்ட பெண் அங்கே வேலை செய்பவராக இருக்க வேண்டியதில்லை. மனு கொடுக்கப் போன பெண்ணும் அந்த அலுவலகத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். எங்கள் கணக்கர் விஷயத்தில் கைநழுவியது இந்தக் கெடுதான். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது. இது தவிர, பாரதிய நியாய சன்ஹிதா 75ஆம் பிரிவின் கீழ் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். அவசர உதவிக்கு 181 என்ற எண் இருக்கிறது.

முதலாளிகளான நமக்கும் கடமை உண்டு. வேலையிடத்தில் தொடர்புக்கு வரும் வெளியாரிடமிருந்தும் நம் பெண் ஊழியருக்குப் பாதுகாப்புத் தர வேண்டும், அவர் புகார் கொடுக்க விரும்பினால் உதவ வேண்டும் என்று இந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில் பெண் தலைமையில் குழு அமைக்க வேண்டும். தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். 10 பேருக்குக் குறைந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

5. நம் வாசலில் நாம்

விதி ஒருவழிப் பாதை ஆகாது. வரி வசூலிக்க, சோதனை போட, குப்பை அள்ளப் பெண்கள் நம் கடைக்கு வருகிறார்கள். வேலை நிமித்தமாக ஒரு பெண் போகும் இடமெல்லாம் சட்டப்படி அவருக்குப் பணியிடமே. நம் கடை வாசலும் அதில் சேரும். அபராதம் போட்ட அம்மையாரைப் பற்றி அவர் காதுபட நாலு பேர் சிரிக்கப் பேசுவதும், தூய்மைப் பணிப் பெண்ணை ஒருமையில் அதட்டுவதும் நம் தெருவில் நடக்காதவை அல்ல. எடைக் கல் இரண்டு வைத்திருப்பவன் வியாபாரியா? வாங்க ஒரு கல், விற்க ஒரு கல் வைப்பது எப்படிக் குற்றமோ, அப்படியே இதுவும்.

சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நேற்று மிரட்டி வாங்கிவிட்டார்கள். இனி என்ன செய்யலாம்?
பதில்: 7 நாள் இருக்கிறது. இன்றே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: துன்புறுத்தலை நிரூபிக்க முடியாமல் போனால் புகார் கொடுத்த பெண்ணுக்குத் தண்டனையா?
பதில்: இல்லை. நிரூபிக்க முடியாமல் போவது வேறு, தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பது வேறு. சட்டம் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது.

கேள்வி: தனி ஆளாகப் புகார் கொடுத்தால் கடையைப் பழி வாங்குவார்களே?
பதில்: அந்தப் பயம் நியாயமானது. அதற்குத்தானே சங்கம் இருக்கிறது? நிர்வாகிகளோடு சேர்ந்து போங்கள். தெருவில் எல்லோரும் கவரை நிறுத்தினால், ஒருவரை மட்டும் பழி வாங்க முடியாது.

முடிவாக

இப்போது எங்கள் கடையில் மூன்று பழக்கம் வைத்திருக்கிறோம். அலுவலகத்துக்கு யாரையும் தனியாக அனுப்புவதில்லை. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வெளியே போவதில்லை. போய் வந்தவரிடம், வேலை முடிந்ததா என்று கேட்குமுன், "உங்களை மரியாதையாக நடத்தினார்களா?" என்று கேட்கிறோம். உரிமம் புதுப்பிக்கச் சில நாள் கூடுதலாகத்தான் ஆகிறது. ஆகட்டும்.

அந்தக் கேள்வியை 2016ல் முதல் நாளே கேட்டிருந்தால், 3 மாதக் கெடுவில் ஒரு நாள்தான் கழிந்திருக்கும். நல்ல கணக்கர் ஒருவர் வேலையை விட்டிருக்க மாட்டார். நம் கடைக்கு வந்து உழைக்கும் பெண்ணின் மரியாதையும் நம் முதலில் ஒரு பகுதி என்று கொண்டு, வணிகப் பெருமக்கள் ஒவ்வொருவரும் இன்று மாலை கடை கட்டுமுன் தங்கள் ஊழியரிடம் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டுகிறோம்.

வாழ்க வணிகம்! வளர்க நேர்மை!